கேமராவுக்குப் பக்கத்துல

அபரஞ்சி அம்மா நூத்தித் தொண்ணூறு படத்துல நடிச்சவங்க. ஒண்ணுலகூடக் கதாநாயகி கிடையாது. அம்மா, அண்ணி, பக்கத்து வீட்டுக்காரி, அவ்வளவுதான். அவங்ககிட்ட மூணு வருஷமா நடிப்பு கத்துக்கிட்டவ சுலோச்சனா. கத்துக்கிட்டதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

அவளுக்கு முதல் படம் கிடைச்சுது. கதாநாயகிக்குத் தோழி வேஷம்.

"தோழியா? அவளுக்குக் குடை புடிக்கவா நான் பொறந்தேன்?"

"புடிச்சுப் பாரு. கை வலிக்குதான்னு அப்புறம் சொல்லு"ன்னாங்க அபரஞ்சி அம்மா.

அன்னிக்குக் காட்சி இதுதான். தோழி வந்து, "அவரு வரமாட்டாரு அக்கா"ன்னு சொல்லணும். கதாநாயகி லலிதாங்கி உடைஞ்சு போகணும். முதல்ல சுலோச்சனாவைப் படம் புடிச்சாங்க. பிரமாதமாச் சொன்னா. அப்புறம் கேமராவை லலிதாங்கி முகத்துக்குத் திருப்புனாங்க. இப்ப சுலோச்சனா கேமராவுக்குப் பக்கத்துல நின்னு, அதே வசனத்தைத் திரும்பச் சொல்லணும்.

படத்துல வராத மூஞ்சிக்கு எதுக்கு மெனக்கெடணும்? நகத்தைப் பாத்துக்கிட்டே ஒப்பிச்சா.

ஏழு டேக் போச்சு. லலிதாங்கிக்கு அழுகை வரல. கிளிசரின் போட்டதுல கண்ணு சிவந்துச்சே தவிர, முகம் அழல. டைரக்டர் தொப்பியைக் கழட்டித் தரையில அடிச்சாரு.

"கதாநாயகியாம். அழக்கூடத் தெரியல"ன்னு சுலோச்சனா முணுமுணுத்தது தளம் பூரா கேட்டுச்சு.

அதே படத்துல அம்மா வேஷம் போட்ட அபரஞ்சி அம்மாவுக்கு அன்னிக்கு வேலை முடிஞ்சுபோச்சு. தேங்காண்ணெ தொட்டு மேக்கப்பைத் துடைச்சுக்கிட்டிருந்தவங்க, பாதி முகத்தோட எழுந்து வந்தாங்க.

"நீ தள்ளிக்கடி."

லலிதாங்கிக்கு எதிர்ல நின்னாங்க. அழல. சிரிக்கப் பாத்தாங்க, உதடு கேக்கல. முந்தானையை ஒருதரம் நீவி விட்டுக்கிட்டாங்க.

"அவரு வரமாட்டாரு அக்கா."

லலிதாங்கி அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டா. ஒரே டேக். தளமே கை தட்டுச்சு. லலிதாங்கிக்கு.

சுலோச்சனா மேக்கப் ரூமுக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா.

"நான் போறேன். இந்தத் தோழிப் பொழப்பு எனக்கு வேணாம்."

"போ."

"ஏன்னு கேக்கமாட்டீங்களா?"

"கேக்காட்டி நீ சொல்லாமப் போயிடுவியாக்கும்."

"உசுரைக் குடுத்தது நீங்க, கைத்தட்டு அவளுக்கு! உங்க தலைமுடி ஒண்ணுகூட அந்தக் காட்சியில வராது. அப்புறம் எதுக்கும்மா? நிஜமாவே கேக்குறேன். எதுக்கு?"

கோவமாத்தான் ஆரம்பிச்சா. முடிக்கும்போது அவளுக்கே அது புதிராயிடுச்சு. பெட்டியைக் கீழ வச்சுட்டா.

"கேமரா யாரைப் பாத்துச்சு?"

"அவளைத்தான். அதைத்தானே நானும் சொல்றேன்!"

"அவ யாரைப் பாத்தா?"

"உங்களை."

அபரஞ்சி அம்மா மீதிப் பாதி முகத்தையும் துடைச்சு முடிச்சாங்க.

"அதுக்கு முன்னாடி ஏழு தடவை உன்னைத்தான் பாத்தா."

சுலோச்சனா தன் நகத்தைப் பாத்தா. மூணு வருஷத்துல முதல் தடவையா, சண்டை போடாம அவங்க பக்கத்துல உக்காந்தா.