பல்லும் நகமும் உள்ள புளி

ஒரு காட்டில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. குரங்கு கத்தினால் மான் திருதிருவென விழிக்கும். மான் கூவினால் முயல் காதைச் சொறிந்துகொண்டு நிற்கும். புதிதாக அங்கே வந்து சேர்ந்த புலிக்கு இது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. ஒவ்வொரு குட்டியாகக் காணாமல் போயிற்று.

பயந்துபோன மிருகங்கள் நாவல் மரத்தடியில் ஒரு மொழி வகுப்பைத் தொடங்கின. மைனாதான் டீச்சர். அதற்கு எல்லோர் பேச்சும் நன்றாக வரும், பொறுமைதான் வராது.

முதல் பாடத்தில் இரண்டே சொற்கள்.

"புலின்னா, ஓடிப் போயிடணும்! புளின்னா, ஓடி வரணும், பழம் விழுதுன்னு அர்த்தம்! மாத்திச் சொன்னா உயிர் போயிடும். எங்கே, ஒவ்வொருத்தரா சொல்லுங்க!"

முயல் சொன்னது. மான்குட்டி சொன்னது. அடுத்து வாலு என்ற குரங்குக்குட்டியின் முறை. வாலு சட்டென்று அணிலின் வாலைப் பிடித்து இழுத்தான். அணில் வீல் என்று அலறியது. வகுப்பே சிரித்தது.

"வெளியே போடா!" என்று மைனா சிறகைப் படபடவென அடித்தது.

வாலு துள்ளிக்கொண்டு போனான்.

மறுநாள் தன் முறை வருவதற்குள் முயலின் காதில் எறும்பை விட்டான். "போ வெளியே!" அதற்கு அடுத்த நாள் டீச்சரைப் போலவே தலையை வெட்டி வெட்டி ஆட்டிக் காட்டினான். "போ, போ, போ!" அவன் போனதும் வகுப்பு கப்சிப். "என் வகுப்பு எவ்வளவு அமைதி, பார்த்தீங்களா!" என்று மைனா பெருமையடித்துக்கொண்டது. வெளியே போ என்றால் ஒரு பிள்ளை ஏன் இத்தனை சந்தோஷமாகப் போகிறான் என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் அப்படி வெளியே போன வாலு, உச்சிக் கிளையில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தான். ஆற்றோரப் புதரில் ஏதோ மஞ்சளாக அசைந்தது. மேலே கறுப்புக் கோடுகள்.

"புளி! ஆத்துப் பக்கம் புளி!" என்று அடித்தொண்டையில் கத்தினான்.

"ஐ, புளி!" மான்குட்டி நாக்கில் எச்சில் ஊற நேராக ஆற்றை நோக்கி ஓடியது.

"புளி! புளி!" வாலு இன்னும் உரக்கக் கத்தினான். மான்குட்டி இன்னும் வேகமாக ஓடியது.

புலி பாய்ந்தது. வாலு மரத்துக்கு மரம் தாவிப் போய், ஒரு காய்ந்த கிளையை முறித்து அதன் மூக்கின் மேல் போட்டான். புலி உறுமிப் பின்வாங்கிய நேரத்தில், தொடையில் நகக்கீறலோடு மான்குட்டி தப்பி வந்தது.

மைனா கொதித்துப் போயிற்று.

"புளின்னு ஏன்டா பொய் சொன்னே? குட்டி செத்திருக்குமே!"

"நான் பொய் சொல்லலை டீச்சர். அது புளிதான்! பல்லும் நகமும் இருக்கிற புளி!"

"புலி!"

"அதைத்தான் நானும் சொல்றேன். புளி!"

மைனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாலு அந்தச் சொல்லைச் சொல்லி அது ஒருமுறைகூடக் கேட்டதில்லை. முறை வருவதற்குள்தான் அவனைத் துரத்திவிட்டதே! மைனாவுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் முறை நெருங்கியது. வாலுவின் கை அணிலின் வாலைத் தேடியது.

"இன்னைக்கு நீ வெளியே போக வேண்டாம். என் பக்கத்தில வந்து உட்காரு" என்றது மைனா.

வாலு தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு வராது டீச்சர். எல்லாரும் சிரிப்பாங்க."

"வாலை இழுத்தாலும் சிரிக்கத்தானே செய்றாங்க? நாக்கை மடக்காதே. நுனியால மேல்பல்லைத் தொடு. பல்லே இல்லாத நான் சொல்லலையா?"

"புளி" என்றான் வாலு. முயல் களுக்கென்று சிரித்தது. மான்குட்டி அதற்கு ஓர் உதை விட்டது.

"புள்... புல்..." வாலு கண்ணை இறுக மூடி, மூச்சை இழுத்து, பலம் கொண்ட மட்டும் கத்தினான்.

"புலி!"

முயல் புதருக்குள் பாய்ந்தது. அணில் மரத்தில் ஏறிவிட்டது. மான்குட்டி இருந்த இடமே தெரியவில்லை. டீச்சரும் பறந்துவிட்டது.

வாலு கண்ணைத் திறந்து பார்த்தான். முதல் தடவையாக அவன் வகுப்பில் இருந்தான்; மற்ற எல்லோரும் வெளியே இருந்தார்கள்.

நீதி: குறும்பு செய்யும் பிள்ளையை வெளியே அனுப்பினால் சத்தம்தான் போகும், அவனுக்கு வராத பாடம் வராமலேயே இருக்கும்.