மூடாத கண்

ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் சீடனாகப் போனால் ஊர் சிரிக்கத்தானே செய்யும்? ஆவுடையப்பனைப் பார்த்தும் சிரித்தது. திருநெல்வேலியில் இருபத்தைந்து வருஷம் கத்தி பிடித்த சர்ஜன் அவர். முகநரம்பு வேலை கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பதிமூன்று வயது இளையவரான டாக்டர் ஹெப்சிபாவைத் தேடி ஞாயிறுதோறும் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார். இரண்டு வருஷம் அப்படிப் போனார். அவர் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'டாக்டரம்மா' என்பார். ஆனாலும் யார் குரு என்பதில் இருவருக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

முதல் நாள் ஹெப்சிபா அவருடைய கையை அவர் கன்னத்திலேயே வைக்கச் சொன்னார். உள்ளங்கை காதுக்குக் கீழே, ஐந்து விரலும் விரித்தபடி.

"ஏழாம் நரம்பு இப்படித்தான் பிரியுது சார். காதடியில ஒரே தண்டு. அப்புறம் நெற்றிக்கு, கண்ணுக்கு, கன்னத்துக்கு, வாய்க்கு, கழுத்துக்கு."

"தண்டு போனா?"

"பாதி முகம் போச்சு."

இன்னொன்றும் சொன்னார். "ரத்தம் பொங்கினா விரலால அமுக்குங்க. எவ்வளவு நேரமானாலும் அமுக்குங்க. நரம்பைக் கண்ணால பார்க்காம இடுக்கியை வைக்காதீங்க."

அதெல்லாம் நடந்து நாலு வருஷம். போன திங்கட்கிழமை காலை ஆவுடையப்பன் இடுக்கியை வைத்துவிட்டார்.

நோயாளி சண்முகவடிவு, அங்கன்வாடி டீச்சர். வலது காதுக்குக் கீழே எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. பாதி வேலையில் ரத்தம் பொங்கியது. இடம் தெரியவில்லை. அமுக்கிக்கொண்டு நிற்கப் பொறுமையும் இல்லை. இடுக்கியை வைத்தார், வெட்டினார். அந்த நொடியில் அவளுடைய வலது முகம் முழுவதும் ஒரு தரம் துள்ளி அடங்கியது. நர்ஸ் ரத்தம் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள். துள்ளலைப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

மயக்கம் தெளிந்தபோது வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. வலது கண் மூடவில்லை.

"வீக்கம்தான். வடிஞ்சா சரியாயிரும்" என்றார் ஆவுடையப்பன்.

கணவர் கோமதிநாயகம் மனைவியின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "தொட்டா தெரியுதுன்னு சொல்லுதா டாக்டர். அப்போ நரம்பு நல்லாத்தானே இருக்கு?"

தொடுவதை உணரும் நரம்பு ஐந்தாவது. முகத்தை அசைக்கும் நரம்பு ஏழாவது. முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரிந்த பாடம். ஆவுடையப்பன் "ஆமா" என்றார். அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார். அட பாவி மனசே, அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டதே!

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சறுக்கியது ஆனை, சரி. நசுங்கியது யார்? சோறு இறங்கவில்லை. புதன்கிழமை விடிந்ததும் நாகர்கோவிலுக்குப் போன் போட்டார். பதினோரு மணிக்கெல்லாம் ஹெப்சிபா வந்து இறங்கினார். வார்டுக்கு வெளியிலேயே நின்று கேட்டார்.

"நரம்பைப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்த மாதிரிதான்..."

"வெட்டும்போது முகம் துள்ளிச்சா?"

ஆவுடையப்பன் வார்டுக் கதவைப் பார்த்தார்.

"கேஸ் ஷீட்டில என்ன எழுதியிருக்கீங்க?"

"நரம்பு பத்திரம்னு."

ஹெப்சிபா கடிகாரத்தைப் பார்த்தார். "திங்கக்கிழமை பத்து மணிக்கு வெட்டினது. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு. அறுந்த நுனியில கரண்டு வச்சா மூணு நாள் வரைக்கும் முகம் துடிக்கும். அதை வச்சு நுனியைத் தேடித் தைக்கலாம். அதுக்கப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில விட்ட கதைதான்."

"தைச்சா பழைய முகம் வருமா?"

"பழைய முகம் வராது. கண் மூடும். வாய் கொஞ்சம் நேராகும். அதுக்கே ஒரு வருஷம் ஆகும்."

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "உள்ளே ரத்தம் கட்டியிருக்கு, கழுவணும்னு சொல்லித் தியேட்டருக்குக் கொண்டுபோயிரலாமே டாக்டரம்மா? யாருக்கும் தெரியவா போகுது?"

"நுனி எட்டலைன்னா கழுத்திலேருந்து ஒரு நரம்பு எடுத்து ஒட்டணும். அதுக்கு என்ன சொல்லிக் கையெழுத்து வாங்குவீங்க?"

"இந்த ஊர்ல முப்பது வருஷப் பேரு..."

ஹெப்சிபா வார்டுக்குள் போனார்.

சண்முகவடிவு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கோமதிநாயகம் ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே போனதில் பாதி வலது கடைவாய் வழியாக வழிந்தது. அவர் துண்டால் துடைத்தார், மறுபடியும் கொடுத்தார்.

"பேச வருதாம்மா?" என்றார் ஹெப்சிபா.

"வருது டாக்டர். பாப்பான்னு சொன்னாத்தான் காத்தா போகுது." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "பிள்ளைங்க என்னைப் பார்த்துப் பயந்துராதுல்லா?"

ஆவுடையப்பன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹெப்சிபா கொஞ்சம் பஞ்சை எடுத்து நூலாகத் திரித்தார். "இடப்பக்கமாப் பாருங்கம்மா." வலப்பக்கமிருந்து மெல்லக் கொண்டுபோய், வலது கருவிழியின் ஓரத்தைப் பஞ்சு நுனியால் தொட்டார்.

"ஸ்ஸ்!"

ஒரு கண்ணைத் தொட்டால் இரண்டும் மூடவேண்டும். இடது கண் சட்டென்று மூடியது. வலது கண் மூடவில்லை. சிவந்து, வெறித்தபடி, அப்படியே திறந்து கிடந்தது.

"உறுத்துதுல்லா? தெரியுதுல்லா?" என்றார் கோமதிநாயகம் ஆவலாக.

"தெரியுது" என்றாள் அவள்.

அவர் முகம் மலர ஆவுடையப்பனைப் பார்த்தார். "நீங்க சொன்ன மாதிரியேதான் டாக்டர்."

ஹெப்சிபா வலது கண்ணில் களிம்பு போட்டு, இமையை இழுத்து மூடி, மேலே பிளாஸ்திரி ஒட்டினார். வெளியே வந்தார். ஆவுடையப்பன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"டாக்டரம்மா, ரெண்டு நாளா நெஞ்சு வேகுது. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியலை. எனக்கு வலிக்கலைன்னு மட்டும் நினைச்சிராதீங்க."

"நினைக்கலை சார். வலிக்குதுன்னு நல்லாத் தெரியுது."

"அப்போ எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நடந்ததை நீங்க சொல்லிருங்க. உங்க வாயால வந்தா பக்குவமா இருக்கும், அவரும் தாங்கிக்குவார். நான் பக்கத்திலேயே நிக்கிறேன்."

ஹெப்சிபா அவரையே பார்த்தார். பார்வையில் கோபமில்லை.

"வலது கண்ணைத் தொட்டேன், அதுக்கு வலிச்சுது. இடது கண் மூடிச்சு. வலது கண்ணுக்கு அது போதுமா சார்?"