புடிச்சுதா?

காசிமேட்டில் மீன் ஏலம் கூறும் தேசிங்குக்கு ஏழு தெரு கேட்கிற குரல். கூடையை ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும், அது நேற்று பிடித்த மீனா, ஐஸில் கிடந்து வந்த மீனா என்று சொல்லிவிடுவார். இதுவரை தப்பாகச் சொன்னதில்லை. அதையும் அவரேதான் சொல்வார்.

மீனுக்கு அடுத்தபடி அவருக்கு உயிர் ரெஸ்லிங். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதம் ஒரு ஷோ நடக்கும். முதல் வரிசையில் நடு நாற்காலி அவருடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்று இருமிக்கொண்டிருப்பார்.

ரிங்கில் இறங்குகிறவர்களைப் பழக்குவது ஹில்டா மாஸ்டர். நாற்பது வயதுகூட ஆகாத பெண். ஐம்பதைத் தாண்டிய தேசிங்கு அவருக்குச் சிஷ்யர். சிஷ்யர் என்றால் சண்டை பழக வந்தவர் இல்லை, மைக் பிடிக்க வந்தவர். ரிங் ஓரத்தில் மேசை போட்டு, நடப்பதை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த ஆள் துபாய்க்குப் போய்விட்டார். அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பது மாஸ்டர் கையில் இருந்தது.

பல மாதங்களாகத் தேசிங்கு, மாஸ்டர் ஆட்களைப் பழக்கும் கொட்டகைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "பாருண்ணா" என்றதோடு சரி. மாஸ்டர் வேறெதுவும் சொல்லித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷோ நடந்தது. மறுநாள் ஏலம் முடிந்த கையோடு, மீன் வாடைகூடப் போகாமல், தேசிங்கு கொட்டகைக்கு வந்து நின்றார்.

"மாஸ்டர், மைக் யாருக்கு?"

மாஸ்டர் ரிங்கின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நேத்து மேட்ச்சுங்க எப்டி இருந்துச்சு? சொல்லுண்ணா."

இதற்குத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தார். தேசிங்கு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மொதோ மேட்ச்சு சங்கரா மீனு. பாக்கறதுக்கு அழகு, ஆனா முள்ளு ஜாஸ்தி. அந்த மாஸ்க் போட்ட பொண்ணு வுட்ட ஒத ஒரு முழம் தள்ளிப் போவுது, இந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடியே வுழுந்துட்டா."

"புடிச்சுதா?" என்றார் மாஸ்டர்.

"பரவால்ல ரகம். ரெண்டாவது மேட்ச்சு வவ்வாலு மீனு. நாலு பேரு, கூட்டாளி கையத் தட்டிட்டு மாத்தி மாத்தி எறங்கி அடிச்சுக்கறது. நடுவுல ஒருத்தன் கொழம்பிப் போயி எதிராளி கையிலயே தட்டிட்டான். ஜனம் வுழுந்து வுழுந்து சிரிச்சுது."

"புடிச்சுதா?"

"எனக்கு ரொம்பப் புடிச்சுது. கடைசி மேட்ச்சு இருக்குதே, அது வஞ்சிரம். நடுத்துண்டு. ஒருத்தன் மேசைய ஒடச்சப்போ நா எழுந்து நின்னுட்டேன் மாஸ்டர்."

"மூணாவத வுட்டுட்டியே?"

"அத எதுக்கு வாயால சொல்லிக்கினு?" தேசிங்கு முகத்தைச் சுளித்தார். "ஐஸ் வெக்காத மத்தி."

மூன்றாவதில் மோதியவர்கள் இரண்டு பேர். ஒல்லியாக, கயிற்றின் மேலிருந்து பறந்து குதிப்பவனுக்கு மின்வெட்டு என்று பெயர். தடித்த உடம்புக்காரனுக்குப் பாறாங்கல் என்று பெயர். பாறாங்கல்லின் சொந்தப் பெயர் பக்கிரி.

"மின்வெட்டு மேலேர்ந்து குதிச்சான் பாருங்க, அதுவரைக்கும் நல்ல மேட்ச்சுதான்" என்றார் தேசிங்கு. "அப்புறம் இந்தப் பாறாங்கல்லு அவன் கழுத்தப் புடிச்சு கக்கத்துல இடுக்கிக்கினு உக்காந்தான். ரேஷன் கடை வாசல்ல உக்கார்ற மாதிரி உக்காந்தான். எழுந்திருக்கவே இல்ல. என் பக்கத்து சீட்டுக்காரரு எழுந்து போயி டீ குடிச்சிட்டு வந்துட்டாரு, இன்னும் அதே கழுத்துப் புடி."

"நீ இன்னா பண்ண?"

"அவன் உக்காந்ததுமே கொரல் குடுத்தேன்." தேசிங்கின் முகம் மலர்ந்தது. "'யாராவது எழுப்புங்கப்பா, பாறாங்கல்லு தூங்கிருச்சு!' அவ்ளோதான், மண்டபமே அதிர்ந்துபோச்சு. 'எழுப்பு, எழுப்பு'ன்னு அத்தினி பேரும் கை தட்டுறாங்க. நேத்து ஷோவுலயே பெரிய சத்தம் அதுதான் மாஸ்டர். மைக்கே இல்லாம!"

மைக் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை மாஸ்டரே நினைத்துப் பார்க்கட்டும் என்று நிறுத்திக்கொண்டார்.

மாஸ்டர் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"புடிச்சுதா?"

"அதான் சொன்னனே மாஸ்டர். எனக்குப் புடிக்கல."

"உனக்கான்னு நா கேக்கல."

தேசிங்கு விழித்தார். புடிச்சுதா என்று கேட்டால் வேறு யாரைக் கேட்பார்கள்? அங்கே வேறு யாரும் இல்லையே.

"பின்ன யாருக்கு?"

மாஸ்டர் ரிங்குக்குப் பின்பக்கம் பார்த்து, "பக்கிரி" என்று கூப்பிட்டார்.

கிழிந்த படுதாவைத் தைத்துக்கொண்டிருந்த பக்கிரி ஊசியும் நூலுமாக எழுந்து வந்தான். தேசிங்கு அவனைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார்.

"நீ எப்பலேர்ந்துபா இங்க இருக்க?"

"சங்கராலேர்ந்துண்ணா."

தேசிங்கு தரையைப் பார்த்தார். பக்கிரிக்கே பாவமாகிவிட்டது.

"மத்தியும் நல்லாத்தான்ணா இருக்கும், கொழம்புக்கு" என்றான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "பக்கிரி, அண்ணன ரிங்குக்குள்ள இட்டுனு போயி தூக்கு. தலகீழா."

"மாஸ்டர்!" என்றார் தேசிங்கு. "நா மைக்குக்குத்தான வந்தேன்?"

"மைக்குக்குத்தான்."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? வயசாவுதில்ல?"

"வேணாம்னா பெஞ்சுல போயி உக்காருண்ணா. நா வேற ஆளப் பாக்கறேன்."

தேசிங்கு பெஞ்சைப் பார்த்தார். கொட்டகை மூலையில் மேசையின் மேல் கிடந்த மைக்கைப் பார்த்தார். பிறகு கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். இத்தனை வருடமாக ரெஸ்லிங் பார்க்கிறவர், ரிங்குக்குள் கால் வைத்தது அன்றுதான். பலகை அவர் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. மேலே விரித்திருந்த மெத்தை பேருக்குத்தான்.

பக்கிரி ஊசியை நூலோடு கயிற்றில் குத்திவிட்டுக் குனிந்தான். அடுத்த நிமிடம் தேசிங்கின் கால் மேலே, தலை கீழே. கட்டியிருந்த லுங்கி சரிந்து வந்து முகத்தை மூடியது. நல்லவேளை, உள்ளே டிராயர் போட்டிருந்தார்.

ஒரே பார்வையில் எதையும் எடைபோடுகிறவருக்கு இப்போது எதுவும் தெரியவில்லை. லுங்கியின் கட்டம்தான் தெரிந்தது. காதுக்குப் பக்கத்தில் பக்கிரியின் மூச்சு மட்டும் கேட்டது.

"இப்ப சொல்லுண்ணா" என்று எங்கிருந்தோ மாஸ்டரின் குரல் வந்தது. "பக்கிரி இன்னா மீனு?"



"கை கொஞ்சம் வழுக்குது மாஸ்டர்" என்றான் பக்கிரி. "அண்ணன் மேல மீன் எண்ணெ."

அதைக் கேட்டதும் தேசிங்கு கையை உதறினார். ஏழு தெரு கேட்கிற குரல் லுங்கிக்குள்ளிருந்து ஈனமாக வெளியே வந்தது.

"பக்கிரி... புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேண்ணா."

"நல்லாப் புடிச்சிருக்கியா?"

"நல்லாப் புடிச்சிருக்கேன். நீ கைய ஒதறாத. என் இடுப்பச் சுத்திப் போட்டுக்க. ஆங், அப்டித்தான். வுடமாட்டேன்."

பக்கிரி முட்டி போட்டு, ஐஸ் பெட்டியை இறக்குகிறவனைப் போல மெதுவாக அவரைக் கீழே வைத்தான். எங்கும் ஒரு அடிகூடப் படவில்லை.

தேசிங்கு உட்கார்ந்தபடியே லுங்கியைச் சரிசெய்தார். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. ஒருவழியாகக் கட்டி முடித்ததும், மாஸ்டரைக் கேட்காமல் பக்கிரியைக் கேட்டார்.

"நேத்து நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினீங்களா? அந்தக் கழுத்துப் புடியில?"

பக்கிரி மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் தலையசைத்தார்.

"ஆமாண்ணா. அவன் மேலேர்ந்து குதிச்சான்ல, அப்பவே தோள்பட்ட எறங்கிருச்சி. மூஞ்சி வெளுத்துப்போச்சி. ஜனம் பாக்கக் கூடாதுன்னு இடுக்கிக்கினு உக்காந்தேன். 'நிறுத்தச் சொல்லட்டா, முடிச்சிறலாமா'ன்னு கேட்டேன்."

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

"சொன்னான். எனக்குக் கேக்கல."

"ஏன்?"

பக்கிரி கயிற்றில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, நூலை விரலில் சுற்றினான். சுற்றியதைப் பிரித்தான்.

"சத்தம்ணா. அம்மாம் பெரிய சத்தம். நடுவரும் குனிஞ்சி கேட்டாரு, அவருக்கும் கேக்கல. கேக்காம எப்டி வுடறது? வுட்டா அந்தத் தோளுமேலயே வுழுவான். சத்தம் அடங்கட்டும்னு புடிச்சினே உக்காந்துட்டேன். அது அடங்கவே இல்ல."

பக்கத்து சீட்டுக்காரர் டீ குடித்துவிட்டு வந்ததும், அவர் வந்து உட்கார்ந்த பிறகும் தான் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டதும் தேசிங்குக்கு நினைவு வந்தது. அந்தப் பிடி ஏன் அவ்வளவு நேரம் நீண்டது என்றும், 'புடிச்சுதா' என்று மாஸ்டர் கேட்டது ரிங்குக்குள் இருந்தவர்களைப் பற்றி என்றும் இப்போது புரிந்தது.

"இப்ப எப்டி இருக்கான்?"

"வீட்ல இருக்கான்ணா. கையக் கட்டிவுட்டிருக்காங்க. சரியாப் போயிரும்னு டாக்டரு சொன்னாரு." பக்கிரி கொஞ்சம் தயங்கினான். "ஆனா நீ மொதோ தடவ கத்துனப்ப அவன் சிரிச்சிட்டான்ணா. 'தூங்கிருச்சு'ன்னியே, அதுக்கு. அவ்ளோ வலியிலயும் என் கக்கத்துக்குள்ள சிரிக்கறான்."

இதைக் கேட்டதும் தேசிங்கின் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

பிறகு எழுந்தார். கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார். வாசலைப் பார்த்து நடந்தார்.

"எங்கண்ணா போற?"

"அவன் வூட்டுக்கு. அப்புறம் மைக்கு வேற யாருக்காச்சும் குடுங்க மாஸ்டர். மைக்கே இல்லாம நா பண்ணது போதும்."

மாஸ்டர் மேசையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றார். நீட்டினார்.

தேசிங்கு அதை வாங்காமல் பார்த்தார். "உள்ள அவங்க பேசிக்கினு இருக்கறப்ப, வெளிய உக்காந்து நா இதுல இன்னா மாஸ்டர் பேசறது?"

மாஸ்டர் நீட்டிய கையை மடக்கவில்லை.

தேசிங்கின் கை மெல்ல மேலே வந்து மைக்கைத் தொட்டது. மறுமுனையை மாஸ்டர் இன்னும் விடவில்லை.

"புடிச்சிருக்கியாண்ணா? நா வுடட்டா?"

எதைக் கேட்டாலும் கேட்ட வாய் மூடுமுன் பதில் சொல்கிறவர் தேசிங்கு. பக்கிரி ஊசியை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தான். தேசிங்கு இன்னொரு கையையும் கொண்டுவந்து மைக்கின் மேல் வைத்தார். வாய் திறக்கும் முன் பக்கிரியைத் திரும்பிப் பார்த்தார்.