செங்கமலம் போட்ட ஒரு பிடிப் பாசி

ஏழு கடல் தாண்டின கதை இல்லீங்க, ஒரே ஒரு குளம் தாண்டின கதை. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முந்தி, தாமரைக்கோட்டைன்னு ஒரு ராஜ்யம். அங்கே செங்கமலம்னு ஒருத்தி, குளத்து மீனை உயிரோட பானையில போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவா. அவ புருஷன் பொன்னுரங்கம் ஓடக்காரன். ஊரே கேட்கப் பாடிக்கிட்டுத் துடுப்புப் போடுவான். துடுப்புல பாசி சிக்கினா மட்டும், "சனியன் பிடிச்ச பாசி!"ன்னு திட்டுவான்.

கரையில தவம் பண்ணின மூச்சடக்கி மந்திரவாதிக்கு அந்தப் பாட்டு ஆகவே ஆகலை. "சூ மந்திரக்காளி!"ன்னான். ஐயையோ, பொன்னுரங்கம் கெண்டை மீனாயிட்டான்! அவனைத் தண்ணியோட ஒரு கண்ணாடி ஜாடியில போட்டு இறுக்கி மூடினான் மந்திரவாதி. அலறிக்கிட்டு ஓடி வந்த செங்கமலத்துகிட்டே சொன்னான்:

"ஏ பொண்ணே! மூணாம் நாள் பொழுது சாயுற வரைக்கும் இவன் பிழைச்சிருந்தா மந்திரம் விலகும். ஒரே ஒரு தடவை மூடியைத் திறக்கலாம், ஒரே ஒரு பொருள் போடலாம். அப்புறம் நீ ஜாடியைத் தொட்டா, அவன் செத்தான்!"

செங்கமலம் கூச்சல் போட்டா. சந்தைப் பொம்பளைங்க ஓடி வந்தாங்க.

"பொரி போடுடி!"

"சோறு போடுடி!"

"புழு போடுடி, மீனுக்கு அதுதானே பிடிக்கும்!"

"விறகைக் குவிச்சாப் போதுமாக்கா? காத்து இல்லாம அடுப்பு எரியுமா? மூச்சு இருந்தாத்தானே தின்னது தெம்பாகும்"னா செங்கமலம். அவ பானையில எப்பவும் ஒரு பிடி வேலம்பாசி கிடக்கும். வெயில் பட்டா காத்துக் குமிழ் விடும், மீன் துள்ளும். அதனால மூடியைத் திறந்து ஒரு பிடிப் பாசியைப் போட்டா.

முதல் நாள் வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. பாசியில குமிழ், குமிழ், குமிழ்! ராத்திரி பாசியும் நம்மளாட்டம் மூச்சை இழுக்கும். பகல்ல சேர்ந்ததை வச்சு ரெண்டும் ஓட்டிருச்சு.

மறுநாள் மந்திரவாதி வந்து பார்த்து வயிறெரிஞ்சான். ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய் இருட்டு மண்டபத்துல வச்சான். குமிழ் நின்னுபோச்சு. மீன் மேலே வந்து வாயை வாயைப் பிளந்துச்சு.

"ஐயோ, என் ராசா!"ன்னு துடிச்சா செங்கமலம். ஜாடியைத் தொடவும் முடியாது. சட்டுனு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "ஜாடியைத்தானே தொடக்கூடாது? வெயிலைத் தொடலாமே! தாம்பாளம் இருக்கிறவளெல்லாம் எடுத்துட்டு வாங்கடி!"

வாசல்ல ஒருத்தி, நடையில ஒருத்தி, தூணோரம் ஒருத்தி. தாம்பாளத்துக்குத் தாம்பாளம் வெயில் தாவி, பாசி மேல விழுந்துச்சு. குமிழ், குமிழ், குமிழ்! அன்னிக்கும் மறுநாளும் கை கடுத்தாலும் ஒருத்தியும் தாம்பாளத்தை இறக்கலை.

மூணாம் நாள் பொழுது சாஞ்சுது. சேர்ந்த காத்து முட்டி, மூடி "டப்"புன்னு தெறிச்சு, எட்டிப் பார்க்க வந்த மந்திரவாதி மூக்குல விழுந்துச்சு. மூக்கைப் பிடிச்சவன் ஊரை விட்டே ஓடினான். பொன்னுரங்கம் சொட்டச் சொட்ட நனைஞ்சு எதிரே நின்னான். செங்கமலம் சிரிச்சா, அழுதா, அவனைக் கட்டிக்கிட்டா.

அடுத்த நாள் ஓடத்துல போறப்போ துடுப்புல பாசி சிக்குச்சு. செங்கமலம் ஓரக்கண்ணால பார்த்தா. பொன்னுரங்கம் குனிஞ்சான், இழை இழையா பிரிச்சுத் தண்ணியிலேயே விட்டான்.

"தாயே, கொஞ்சம் வழி விடு"ன்னான்.

பாசி வழி விட்டுச்சு, ஓடம் கரை சேர்ந்துச்சு, நம்ம கதையும் கரையேறிருச்சு.