உடைப்பில் படுத்த எருமைக்கடா

சத்தியமாகச் சொல்கிறேன்! இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் என் மீசையில் பாதியை இப்போதே மழித்துக்கொள்கிறேன். கத்தியைக்கூட நீங்களே கொண்டு வாருங்கள்!

மூங்கில் காட்டுக்கு நடுவே ஒரு குட்டை. அதில் ஒரு விரால் மீன் அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. சிவப்புச் சிவப்பாக ஐந்நூறு குஞ்சுகள்! அந்த நேரம் பார்த்துக் குட்டையின் கரை உடைத்துக்கொண்டது. தண்ணீர் சலசலவென்று வெளியே ஓடியது.

"ஐயோ, பத்துக் கல் போட்டால் அடைபடும்! யாராவது வாங்களேன்!" என்று விரால் கத்தியது.

பறந்து வந்தது மைனா. மூன்று வருஷம் டவுன் பஸ் ஸ்டாண்டுக் கூரையில் குடியிருந்து, மைக், மேடை, நன்கொடை எல்லாவற்றையும் கரைத்துக் குடித்த மைனா அது. காட்டுக்கே மக்கள் தொடர்பு அதிகாரி என்று தனக்குத்தானே பதவியும் கொடுத்துக்கொண்டிருந்தது.

"கவலையை விடு! கேட்கிற விதத்தில் கேட்டால் கல் தானாக வரும்!"

சும்மா சொல்லக் கூடாது, வந்தது. யானை, கரடி, காட்டுப்பன்றி என்று ஆளுக்கொன்றாகப் பத்துக் கல். மைனா ஒவ்வொன்றிலும் நாவல் பழச் சாற்றால் எழுதியது: 'உபயம்: யானையார்', 'உபயம்: கரடியார்'.

"சரி, உடைப்புல போடுங்க!" என்றது விரால்.

யானை முன்வைத்த காலைப் பின்வைத்தது. "என் கல்லு அடியில போனா என் பேரை யாரு படிப்பா? நண்டா?"

"அப்போ என் கல்லு மட்டும் அடியில போகணுமாக்கும்!" என்று கரடி எகிறியது.

பத்துப் பேருக்குமே மேல்வரிசைதான் வேண்டுமாம்! மதியம்வரை இதே சண்டை. குட்டை பாதி காலி. கடைசியில் மைனா பத்துக் கல்லையும் கரைமேல் வரிசையாக நிற்க வைத்தது. பெயரெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"எப்படி இருக்கு?"

"தண்ணி போகுதுடி, மைனா!"

"நன்கொடை கொடுத்தவங்க மனசு கோணக் கூடாது. உனக்கு இந்தத் தொழில் புரியாது!"

அப்போது ஓர் எருமைக்கடா வந்தது. அதனிடம் யாரும் நன்கொடை கேட்டிருக்கவில்லை. வெயில் தாங்காமல் குட்டைச் சேற்றில் ஒரு புரள் புரண்டது. பிறகு, ஓடுகிற தண்ணீர் ஜிலுஜிலுவென்று இருக்குமே என்று உடைப்பில் போய்ப் பொத்தென்று படுத்தது. சலசலப்பு நின்றது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை!

விராலுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மீனுக்குக் கண்ணீரா என்று கேட்காதீர்கள், என் கண்ணால் பார்த்தேன்!

"அண்ணே, மழை வர்ற வரைக்கும் எழுந்திரிச்சிடாதீங்க!"

"இந்தச் சுகத்தை விட்டு எழுந்திரிக்க எனக்கென்ன பைத்தியமா, தங்கச்சி?"

மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இதல்லவோ சேவை! உடனே பாராட்டு விழா!" என்று காட்டையே கூட்டியது. அருகம்புல்லில் மாலை கட்டியது. "எருமையார் மேடைக்கு வரவும்!"

"மாலையை இங்கேயே கொண்டுவந்து போடேன்!" என்று விரால் கெஞ்சியது.

"அங்கே படுத்திருந்தால் கூட்டத்துக்கு முகம் தெரியாதே! ஒரே ஒரு நிமிஷம்!"

எருமை மாலையைப் பார்த்தது. பச்சைப் பசேலென்ற புல்! "கூப்பிடறாங்க... போகாட்டி மரியாதையா இருக்காது, தங்கச்சி" என்று எழுந்துவிட்டது.

அது மாலையைத் தின்று முடிப்பதற்குள் குட்டை முடிந்துவிட்டது. நானூறு குஞ்சுகள் தண்ணீரோடு போயே போயின. எருமை புரண்ட குழியில் மட்டும் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர். விரால் மிச்ச நூறோடு அதில் கிடந்தது.

மைனா குழி ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. "வருத்தப்படாதே! வறட்சி நிவாரண நிதி ஆரம்பிச்சாச்சு. இந்தக் குழிக்கும் ஒரு கல் நட்டு, 'உபயம்: எருமையார்'னு..."

விரால் வாலால் ஓங்கி ஓர் அறை அறைந்தது. மைனாவின் மூஞ்சியெல்லாம் சேறு!

"நட்டு வச்சிருக்கியே பத்துக் கல்லு, மழை வர்றதுக்குள்ள முதல்ல அதை உருட்டி உடைப்புல போடுடி!"

உதவுகிறவனைப் பாராட்டலாம், ஆனால் உதவி முடிகிறவரை அவனை இருந்த இடத்தை விட்டு எழுப்பக் கூடாது.

இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்த மைனாவுக்குத் தெரிந்தால் எனக்கும் ஒரு பாராட்டு விழா வைத்துவிடும்!