காசிக்குப் பேசிய பேரம்

செம்பாறைக் கோட்டையை ஆண்ட முத்துவிசய ராஜாவுக்குக் காசிக்குப் போக ஆசை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரண்மனைக்குத் திரும்பிவிட வேண்டும். வெளியூர்ச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. நடந்தால் போகவே ஆறு மாதம் ஆகும் என்று மந்திரிகள் சொன்னதும் முகம் சுண்டிப்போயிற்று.

சமயம் பார்த்து அரண்மனை வைத்தியர் அகோரலிங்கம் ஒரு சிமிழை நீட்டினார். உள்ளே கோலிக்குண்டு அளவில் கறுப்பாக ஓர் உருண்டை. ககனக் குளிகையாம். வாயில் அடக்கிக்கொண்டு கோட்டை மதிலிலிருந்து குதித்தால், பருந்து மாதிரிப் பறந்து இரண்டே நாழிகையில் காசியில் இறங்கலாமாம்.

முதலில் யாராவது போய்வந்து காட்டட்டும் என்றார் ராஜா.

"சடையாண்டியை அனுப்பலாம். ஆள் லேசு," என்றார் வைத்தியர்.

சடையாண்டிக்குச் சுர்ரென்று ஏறியது. மாட்டுச் சந்தையில் தரகு பேசியே அரண்மனை வரை வந்தவன் அவன். போன மாதம் வைத்தியரின் முடி வளர்க்கும் தைலத்தைச் சபையில் கேலி செய்திருந்தான். அதற்குத்தான் இந்தப் பழி. மாட்டேன் என்றால் ராஜகட்டளையை மீறிய குற்றம், தலை போகும். சரி என்றால் மதிலுக்குக் கீழே வெறும் பாறை, மொத்தமும் போகும்.

மதில்மேல் ஏற்றிவிட்டார்கள். ராஜாவும் சபையும் பின்னாலேயே வந்து நின்றார்கள். சடையாண்டி உருண்டையை வாங்கி, மாட்டுக்குப் பல் பார்ப்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இரண்டு நாழிகை ரொம்ப அதிகம் வைத்தியரே. மலையாளத்துச் சித்தர் ஒருத்தர் ஒரு நாழிகைக்கே தருகிறார்."

அந்தச் சித்தரையே அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று படி இறங்கினான். சந்தையில் இந்த நடைக்கு மசியாத வியாபாரி கிடையாது. வைத்தியர் பதறிப்போய்க் கூப்பிட்டார். ஏதோ ஞாபகத்தில் கூட்டிச் சொல்லிவிட்டாராம், அரை நாழிகைதானாம். சடையாண்டி உதட்டைப் பிதுக்கினான். கால் என்றார். இவன் இன்னும் இரண்டு படி இறங்கினான். ராஜாவுக்கும் ருசி தட்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் குறையும், விடாதே என்று அவரே தூண்டிவிட்டார்.

வைத்தியருக்கு வேர்த்துக் கொட்டியது. "இதுதான் கடைசி. போக ஒரு கண் இமைப்பு, வர ஒரு கண் இமைப்பு. இதற்குக் கீழே கட்டாதய்யா."

"முடிந்தது பேரம்," என்று குளிகையை வாயில் போட்டான் சடையாண்டி. மறுபடி படியேறி வந்து, மதில் விளிம்பில் நின்று இரண்டு கையையும் விரித்தான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கையை மடக்கினான். குளிகையைச் சிமிழில் துப்பினான். ராஜாவிடம் வந்து கும்பிட்டான்.

"போய்விட்டு வந்துவிட்டேன் மகாராஜா."

"அடேய், நீ நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லையே?"

"நீங்கள் ஒரு தரம் கண்ணை இமைத்தீர்கள், போனேன். மறுபடி இமைத்தீர்கள், வந்துவிட்டேன். கணக்கு என்னுடையதில்லை. வைத்தியரையே கேளுங்கள்."

எல்லாரும் வைத்தியரைப் பார்த்தார்கள். போகவில்லை என்றால் குளிகை பொய் என்றாகிவிடும். அப்புறம் மதிலிலிருந்து யாரைத் தள்ளுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா?

"போய்... வந்துவிட்டார்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

ராஜாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, காசியில் என்னடா பார்த்தாய்?" என்றார்.

"எங்கே பார்க்கிறது மகாராஜா? போய்வரவே நேரம் சரியாக இருந்தது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைத்தியர் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவிச் சடையாண்டிக்குப் போர்த்திவிட்டு, காசியை மறந்து சாப்பிடப் போனார்.