மீட்டருக்கு மாட்டிய மஞ்சப்பை

"'உங்க வீட்டு கிரைண்டர்தான் சிஸ்டர், இந்த பில்டிங்கையே அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிக்கிட்டுப் போவுது.' இப்படித்தானே சொன்னாரு உங்க தலைவரு? பல்லு விளக்காத வாயோட என் வாசல்ல வந்து நின்னு?"

ரெஜினா கேட்டது தன் புருஷன் அருமைநாயகத்தை. அவர் நியாயஸ்தர். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"விளக்கினாரு ரெஜி. கொப்பளிக்கத்தான் மக் இல்ல."

மக் மட்டுமா? குபேர விலாஸ் ஃப்ளாட்ஸில் வாளியும் இல்லை, முறமும் இல்லை. எல்லாம் பிளாஸ்டிக் என்று கமிட்டி வாரிக்கொண்டு போய்விட்டது. மாநகராட்சி ஒரு திட்டம் கொண்டு வந்திருந்தது. ஒரு குடியிருப்பில் எல்லா வீடும் சேர்ந்து கரண்ட்டைக் கட்டுக்குள் வைத்து, பிளாஸ்டிக்கையும் ஒழித்தால் அத்தனை பேருக்கும் கட்டணம் குறையும். எல்லை தாண்டி அடுத்த ஸ்லாபுக்குப் போனால் அத்தனை பேருக்கும் ஏறும். நல்ல திட்டம்தான். மூளை உள்ளவர்கள் கையில் கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கிடைத்தது கமிட்டி கையில். தலைவர் திருவேங்கடம், பொருளாளர் சிங்காரவேலு, செயலாளர் அருமைநாயகம். மாடிப்படியில் ஃபியூஸ் போன பல்பை மாற்றுவதா வேண்டாமா என்று இருட்டில் கைதூக்கி ஓட்டெடுத்தவர்கள் இவர்கள்தான்.

எல்லாவற்றையும் துணிப்பையில்தான் வாங்க வேண்டும் என்று நோட்டீசில் இருந்தது. சிங்காரவேலு மறுநாள் காலையிலேயே பாலைத் துணிப்பையில் வாங்கினார். வீடு வந்தபோது பை ஈரமாக இருந்தது, பால் இல்லை. அவர் பெண்டாட்டி பையைப் பிழிந்து காபி போட்டாள். "பரவாயில்ல, ஒரு டம்ளர் தேறிச்சு. அதுவும் வடிகட்டியே வந்துடுச்சு," என்றார் அவர், கூட்டத்தில்.

அடுத்தது லிஃப்ட். கீழே இறங்குவதற்குக் கரண்ட் ஆகாது, எந்தப் பொருளும் தானாகத்தான் விழும் என்று தலைவர் கண்டுபிடித்தார். ஆகவே லிஃப்டில் இறங்கலாம், ஏறக்கூடாது. இறங்க வேண்டுமானால் லிஃப்ட் மேலே வரவேண்டுமே என்று ரெஜினா கேட்டாள். அது காலியாக வரும், காலி லிஃப்டுக்குக் கனம் ஏது என்றார். அன்றிலிருந்து குபேர விலாஸ்காரர்கள் மூச்சு வாங்க மாடிப்படி ஏறுவார்கள். பக்கத்திலேயே லிஃப்ட் காலியாக, சொகுசாக, அவர்களோடு மேலே போகும். நாலாவது மாடிக்காரி ரெஜினாவின் முழங்கால் இதைக் கேட்டு ஒன்றும் சந்தோஷப்படவில்லை.

இத்தனை செய்தும் யூனிட் ஏறிக்கொண்டேதான் இருந்தது. மூன்று பேரும் மீட்டர் அறைக்குப் போய்க் கைகட்டி நின்றார்கள்.

"சிவப்பா கண்ணைச் சிமிட்டுது பாருங்க," என்றார் சிங்காரவேலு. "நம்மள உத்துப் பாத்துக்கிட்டே இருக்கு."

"பாக்கறதாலதானே எண்ணுது?" என்றார் தலைவர்.

அருமைநாயகம் வீட்டுக்கு ஓடிப் பைகளை அள்ளி வந்தார். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மஞ்சப்பை மாட்டியாயிற்று. பார்க்க, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு வரிசையாக நிற்கவைத்த பிள்ளைகள் மாதிரி இருந்தது.

இதெல்லாம் எக்கேடு கெட்டும் போகட்டும். ரெஜினாவின் கவலை வேறு. சாயங்காலம் நாத்தனார் வருகிறாள், குடும்பத்தோடு. போன தடவை அவள் வந்தபோது ரெஜினா கடையில் பாக்கெட் மாவு வாங்கி இட்லி ஊற்றிவிட்டாள். அதை நாத்தனார் அதற்கப்புறம் நடந்த எல்லாக் கல்யாணத்திலும் சொல்லியாயிற்று, ஒரு கருமாதியில்கூட. இந்தத் தடவை பாக்கெட் மாவும் உள்ளே வர முடியாது, கவர் பிளாஸ்டிக். அரைத்தே ஆகவேண்டும். அரைத்துப் புளித்தால்தான் நாளைக் காலை இட்லி, இட்லி வந்தால்தான் மானம். தலைவர் சொன்னது சொன்னபடி இருக்கட்டும் என்று ரெஜினா உளுந்தைக் கிரைண்டரில் போட்டுத் தட்டிவிட்டாள்.

பாதியில் நின்றது.

எட்டிப் பார்த்தாள். மேல்மாடிப் படியில் தலைவரும் பொருளாளரும் ஆளுக்கொரு பிளேடோடு உட்கார்ந்து, லிஃப்ட் மோட்டாருக்குப் போகும் ஒயர்களை முருங்கைக்காய் மாதிரித் தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். இன்று மாநகராட்சி ஆபீசர் வருகிறாளாம். கட்டடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கூட இருக்கக்கூடாது என்று போனில் சொன்னாளாம்.

"அது மேல இருக்கறது எதுக்குன்னு தெரியுமா சார்?" என்றாள் ரெஜினா.

"பேக்கிங், சிஸ்டர்," என்றார் திருவேங்கடம். "பில்டர் பிரிக்காமலே மாட்டிட்டுப் போயிட்டாரு. இத்தனை வருஷமா நாமளும் கவனிக்கல."

"டிவி ரிமோட்டுக்குக்கூட எங்க வீட்ல இன்னும் கவர் பிரிக்கல," என்று சிங்காரவேலு வருத்தப்பட்டார்.

ஷாக் அடிக்கும் என்கிற பயம் மட்டும் அவர்களிடம் சரியாக வேலை செய்தது. அருமைநாயகத்தைக் கீழே மெயின் சுவிட்சை அணைத்துக் காவல் நிற்கச் சொல்லியிருந்தார்கள். சீவி முடித்ததும் குரல் கொடுத்தார்கள். அவர் சுவிட்சைப் போட்டார். கிரைண்டர் ஓடியது. ரெஜினா அவசரமாக உள்ளே போய்த் தண்ணீர் தெளித்தாள்.

சீவிய அழகைப் பார்க்க அருமைநாயகம் படியேறி வந்தார். விதிப்படி லிஃப்ட் காலியாகக் கூடவே வந்தது. மூவரும் ஒயரைத் தடவாத குறையாக ரசித்துவிட்டு, ஆபீசரை வரவேற்க லிஃப்டில் இறங்கினார்கள். மூன்று தொந்தியின் கனத்தில் மோட்டார் உதறியது. அம்மணமாகத் தொங்கிய ஒயர் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கட்டடம் மொத்தமும் அடங்கிப்போனது. கிரைண்டரும்தான்.

ரெஜினா கிரைண்டரைத் திறந்தாள். அரைகுறை மாவைத் தூக்குச்சட்டியில் வழித்துக்கொண்டு, பக்கத்து பில்டிங் கிரைண்டரை நம்பிப் படியிறங்கினாள். மூன்றாவது மாடிக்குக் கீழே, லிஃப்ட் குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ரெஜியா? நாங்கதான். நடுவுல நிக்கிறோம்."

"நில்லுங்க," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

வாசலில் ஆபீசர். கமிட்டி எங்கே என்று கேட்டாள். உள்ளே மீட்டிங்கில் இருக்கிறார்கள், முடிய நேரமாகும் என்றாள் ரெஜினா. மீட்டர் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஆபீசர் ஒரு மஞ்சப்பையைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொன்றைத் தூக்கினாள். எதுவுமே சிமிட்டவில்லை.

"இந்த வார்டிலேயே இப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் பாத்ததில்லம்மா," என்று சொல்லி, அந்த லிஃப்ட் குழியைத் தாண்டி, மனசு நிறைந்து கிளம்பிப் போய்விட்டாள்.

ரெஜினாவும் தூக்குச்சட்டியோடு தெருவில் இறங்கிவிட்டாள். ஆளில்லாத மாடிப்படியில் சிங்காரவேலுவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்... உள்ள ஒரே இருட்டா இருக்கு, லைட் எரியுதா இல்லையான்னே தெரியல. எரிஞ்சா கொஞ்சம் அணைச்சிட்டுப் போங்க, யூனிட் ஏறப்போவுது."